பூஜ்ய ரூபாய் வரி

மூன்றே முக்காலுக்கு முதல் வசவு வந்தது.
குரல் பதிவு, பதினொரு விநாடி.
அதில் ஏழு விநாடி என் பரம்பரை.
ஒச்சம்மாள், கடை எண் நாற்பத்திரண்டு,
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்:
"எவன்டா என் பில்லுல கை வச்சது?"

கை வைத்தது நானில்லை.
நிரல் எழுதத் தெரியாது எனக்கு.
பகலில் டவுன்ஹால் ரோட்டில் மிக்ஸி மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன்,
ராத்திரியில் புகார்களுக்குப் பதில் சொல்கிறேன்.
சம்பளமில்லை. யாருக்குமே இல்லை.
ஐந்து பேர், ஆறு வருஷம்,
பூக்கடைகளுக்கு ஓர் இலவச பில் மென்பொருள்.
ஓசி என்பார்கள் மார்க்கெட்டில்.
ஓசியில் கிடைத்ததை ஏசுவதற்குக் காசா பணமா.

விடிவதற்குள் அறுபத்து மூன்று புகார்.
பங்குனி முகூர்த்தம் வேறு,
மல்லிகை கிலோ ரெண்டாயிரத்தைத் தொட்டிருந்தது.
எல்லோருக்கும் ஒரே சங்கதி:
பில்லின் அடியில் இருந்த
காலி வரியைக் காணோம்.

சுருளிவேல் எடுத்திருந்தான்.
"பேரு எழுதலாம், தொகை கிடையாது. அது பிழை.
பூஜ்ய ரூபாய்க்கு எதுக்கு ஒரு வரி?"
அவன் சொன்னதில் தப்பில்லை.
உசிலம்பட்டிக்குக் கடைசி பஸ்ஸில் போய்
மூன்று வாரம் தூங்காமல்
ஆறு வருஷத்து அழுக்கைச் சுரண்டியவன்.

நெல்பேட்டையிலிருந்து ஜெரினா
அவனை ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பி வைத்தாள்.
அவன் எடுத்தான்.
அவள் வைத்தாள்.
ஒரே ராத்திரியில் நாலு பதிப்பு.
கடைப் பையன்கள் கரண்டு போன தெருவில் விசாரிப்பது போல
"உனக்கு வந்துச்சா, உனக்கு வந்துச்சா"
என்று வரிசை வரிசையாக ஓடினார்கள்.

காலையில் அவளுடைய சாவியைப் பிடுங்கிவிட்டான்.
எனக்குப் போன் செய்தாள். அழவில்லை.
"எடைக் கணக்கை எழுதுனது யாருன்னு
அவன்கிட்ட கேளு" என்றாள்.
பின்னால் ஒரு குழந்தை இன்னொரு ஷூ எங்கே என்று கத்தியது.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.'
அழித்தேன்.
அந்த 'ஓம்' விகுதிக்குள்
இப்போது யார் யார் மிச்சம்?

மறுநாள் நாலு மணிக்கு நேரில் போனேன்.
ஈரச் சாக்கு, காலடியில் நசுங்கும் அரும்பு.
தராசில் எண் நின்ற பிறகு
ஒச்சம்மாள் ஒரு கை அள்ளி
எடை போடாமல் பையில் போட்டாள்.
"இதை எங்கடா எழுதுவேன்?
எழுதாட்டி, 'நீ எங்க குடுத்த'ம்பான்.
எழுதினாத்தான் குடுத்தது குடுத்ததாகும்."

கொசுறு.
ஆறு வருஷமாக அந்தக் காலி வரியில்
மார்க்கெட்டே கொசுறு எழுதி வந்திருக்கிறது.
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
திட்டம் போட்டு வைத்த இடமில்லை அது.
முதல் வருஷம் ஜெரினா அடைக்க மறந்தது.

பில்லைப் படமெடுத்து இருவருக்கும் அனுப்பினேன்.
கடைசி வரி: கொசுறு, 0.00.
விளக்கம் எழுதவில்லை.
"அப்ப அது என் தப்புதானா" என்றாள் ஜெரினா.
சுருளிவேல் பார்த்தான். பதில் இல்லை.
வெள்ளிக்கிழமை மொத்தத்தையும் பிரதி எடுத்துக்கொண்டு
வேறு பெயரில் தனிக்கடை போட்டான்.
போகும்போது சாவியை அவள் பெயருக்கு மாற்றியிருந்தான்,
அதையும் சொல்லவில்லை.

இப்போது மார்க்கெட்டில் ரெண்டு பில் ஓடுகிறது.
அவனுடையது வேகம். எங்களுடையது பழக்கம்.
ரெண்டிலும் அடியில் அந்த வரி உண்டு.
அவன் அதற்குத் தலைப்பே போட்டுவிட்டான்.
அவள் இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறாள்.
ஒருவர் பெயரை இன்னொருவர் எடுப்பதில்லை,
நானும் எடுப்பதில்லை, சௌகரியத்துக்காக.

அன்று கிளம்பும்போது ஒச்சம்மாள்
என் சட்டைப் பையில் ஒரு கை அரும்பைத் திணித்தாள்.
சமாதானம் என்று நினைத்தேன்.
கோரிப்பாளையம் தாண்டவில்லை,
பதிவு வந்தது, ஒன்பது விநாடி:
"எழுத்து ஏன்டா எறும்பு மாதிரி இருக்கு?"